கணக்குக் கேட்டவருக்கு யேசபேல் ஆவியா?

கர்த்தருக்குள் பிரியமான சகோதரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே மற்ற வாசகர்களுக்குத் தேவையான அளவு மட்டும் அதன் சாரத்தைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். தென்காசிப் பக்கத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் நீங்கள் குடும்பமாக இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறீர்கள். சபையை நிறுவிய மூத்த பாஸ்டர் நித்திரையடைந்தபின் அவருடைய மகன் பொறுப்பேற்றார். அதன்பிறகு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின் போக்கே மாறிவிட்டது. வேதம் வாசித்து விண்ணப்பம் பண்ணிய நேரத்தில் இப்போது கடன் ஆவி, கோப ஆவி, தடை ஆவி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கட்டுகிறார்கள். வெளியூரிலிருந்து வரும் ஒரு தீர்க்கதரிசி, இவ்வளவு தொகை விதைத்தால் இன்ன ஆசீர்வாதம் என்று ஆள்பார்த்துச் சொல்கிறார்; அதைக் கேட்டு மகளிர் குழுவில் கடன் எடுத்துக் காணிக்கை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு விதவைச் சகோதரி, கட்டட நிதிக்கு மாதாமாதம் தான் கொடுத்த பணத்துக்கு ரசீது உண்டா, வேலை எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் “நம் நடுவில் யேசபேல் ஆவி கிரியை செய்கிறது” என்று, வேதத்தில் வரும் ஒரு பொல்லாத ராணியின் பெயரைச் சொல்லி, மேடையிலிருந்து அறிவிக்கப்பட்டது. பெயர் சொல்லப்படவில்லை, ஆனால் எல்லார் கண்ணும் அவர் பக்கம் திரும்பியது. இப்போது ஸ்திரீகள் ஐக்கியத்துக்கு அவரை யாரும் அழைப்பதில்லை. ஆராதனையில் வாசலோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அப்பம் பிட்பதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார். வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுத்துவரும் உங்கள் தங்கை மகளிடம், விசுவாசம் இருந்தால் மாத்திரையை விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். இது சபைக்கு எதிராகச் சத்துரு நடத்தும் போராட்டமா, போராட்டத்தின் பெயரால் நடக்கும் வேறொன்றா, கேள்வி கேட்டால் அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொட்ட குற்றம் வருமா, சபையை விட்டு விலகலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

காத்திருக்க முடியாததை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் தங்கை மகள் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், முன்பைவிடக் கடுமையான வலிப்பு இடைவிடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், விட்ட வேளைகளுக்கு நீங்களாகக் கணக்குப் போட்டுக் கொடுக்காமல், இன்றைக்கே மருத்துவரிடம் சொல்லி அவர் சொல்கிறபடி செய்யுங்கள். தூக்கம் கெடுவது பலருக்கு வலிப்பைத் தூண்டும், சிலருக்குப் பட்டினியும் தூண்டும். ஆகவே முழு இரவு ஜெபத்துக்கோ உபவாசத்துக்கோ அந்தப் பெண்ணை யாரும் வற்புறுத்த வேண்டாம். கூட்டத்தின் நடுவிலேயே வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றி நிற்பவர்களை விலக்கிக் காற்று வரவிடுங்கள். கையில் இரும்பைத் திணிப்பதும், வாயில் எதையாவது வைப்பதும், பிசாசே போ என்று அதட்டிக் கை கால்களை அமுக்கிப் பிடிப்பதும் கூடாது. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். இதில் எதுவும் விசுவாசத்துக்கு விரோதமானதல்ல. ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களை மத்தேயு 4:24 எண்ணும்போது, பிசாசுபிடித்தவர்களைத் தனியாகவும் சந்திரரோகிகளை, அதாவது வலிப்பு நோயாளிகளை, தனியாகவும் சொல்கிறது. எல்லாரையும் அவர் சொஸ்தமாக்கினார். மாற்கு 9-ஆம் அதிகாரத்துப் பையனை அசுத்த ஆவி அலைக்கழித்தது உண்மைதான். அந்த ஒருவனை வைத்து வலிப்பு வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் அளப்பதற்கு வேதம் இடம் கொடுக்கவில்லை. சுகத்துக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். மாத்திரையை எப்போது குறைக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்து, வேதாகமக் கல்லூரியில் போதித்துக்கொண்டு, சபைகளுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருப்பவன். பிசாசு உண்டு, அவனை எதிர்த்து நிற்க வேண்டும், இயேசுவின் நாமத்தில் விடுதலை உண்டு என்பதில் உங்கள் பாஸ்டருக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. சத்துரு எங்கே இடம் பிடிக்கிறான் என்பதில்தான் வேறுபடுகிறோம். உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் அவனைப் பக்கத்து வீட்டாரின் செய்வினையிலும், முன்னோர் கும்பிட்ட குலதெய்வத்தின் சாபத்திலும், ஊர் எல்லைக் கோயிலிலும் தேடுகிறது. அப்போஸ்தலர்கள் சபைகளுக்கு எழுதிய நிருபங்களைத் திறந்து, பிசாசு என்ற சொல் வருகிற இடங்களின் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். “பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்” என்கிற எபேசியர் 4:27-க்கு முன்னால் பொய்யும், சூரியன் அஸ்தமித்தும் தணியாத எரிச்சலும் இருக்கின்றன. பின்னால் திருட்டும் கெட்ட வார்த்தையும் இருக்கின்றன. கெர்ச்சிக்கிற சிங்கம்போல் அவன் சுற்றித்திரிகிறான் என்று பேதுரு எச்சரிக்கும் அதே அதிகாரம், அவலட்சணமான ஆதாயத்துக்காக மந்தையை மேய்க்காதிருங்கள், இறுமாப்பாய் ஆளாதிருங்கள் என்று மூப்பர்களுக்குச் சொல்லியே தொடங்குகிறது. அவனுடைய தந்திரங்கள் நமக்குத் தெரியாதவைகள் அல்ல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, தண்டிக்கப்பட்டு மனம் நொந்திருந்த ஒருவனை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளாமல் சபை காலம் கடத்திவிடக் கூடாது என்பதற்காக. அனனியாவின் இருதயத்தைச் சாத்தான் நிரப்பியதாகச் சொல்லப்படுவது, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை அவன் மறைத்துவைத்த கணக்கில்.

ஆவிக்குரிய போராட்டம் என்றால் முதலில் இதுதான் என்று எனக்குப் படுகிறது. இரவெல்லாம் அந்தகார லோகாதிபதிகளைக் கட்டிவிட்டு, விடிந்ததும் ரசீது இல்லாத காணிக்கையை வாங்குகிற சபை, சத்துருவுக்கு வேண்டிய இடத்தை அவனிடமே கொடுத்துவிட்டு வேறெங்கோ அவனைத் தேடிக்கொண்டிருக்கிறது. பிசாசை எதிர்த்து நிற்கத் தரிக்கச் சொன்ன எபேசியர் 6-ஆம் அதிகாரத்துச் சர்வாயுதவர்க்கத்தை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். அதில் இடுப்பில் முதலாவது கட்டச் சொல்லியிருப்பது சத்தியம், மார்பில் தரிக்கச் சொல்லியிருப்பது நீதி. கூட்டங்களில் நாம் அதிகம் உயர்த்திக் காட்டுவது பட்டயத்தைத்தான்.

கோபத்துக்கும் கடனுக்கும் ஆவி என்று பெயர் வைப்பதால் வரும் கேடு ஒன்றுண்டு. கோபக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டியவர். அவரிடமிருந்து கோப ஆவியைத் துரத்திவிட்டதாக அறிவித்தால், வீட்டில் அடிவாங்கிய மனைவியிடம் அவர் போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. ஆவிதான் போய்விட்டதே! அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே ஸ்தாபனம் 1972-லேயே இதில் தன் நிலைப்பாட்டை எழுதி வைத்தது: மறுபடியும் பிறந்த விசுவாசியைப் பிசாசு பிடித்து ஆட்கொள்ள முடியாது. பிசாசு துரத்துவதை நம்புகிற ஸ்தாபனமே அப்படி எழுத வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். மாம்சத்தின் கிரியைகளுக்கு வேதம் காட்டும் வழி அறிக்கையும் மனந்திரும்புதலும். அதில் குறுக்குவழி கிடையாது.

இப்போது அந்தச் சகோதரிக்குச் சூட்டப்பட்ட பெயருக்கு வருகிறேன். இதை வாசித்தபோது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. யேசபேல் செய்தது என்ன என்று 1 இராஜாக்கள் 21-ஐத் திறந்து உங்கள் குடும்ப ஜெபத்தில் சத்தமாய் வாசியுங்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டம் யேசபேலின் கணவனான ஆகாப் ராஜாவுக்கு வேண்டியிருந்தது. பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்கமாட்டேன் என்று நாபோத் சொன்னான். யேசபேல் ராஜாவின் முத்திரையைப் போட்டு நிருபங்களை எழுதி, உபவாசம் கூறச்செய்து, ஜனத்தின் முன்னே நாபோத்தை நிறுத்தி, தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்லவைத்தாள். அதிகாரமும், உபவாசக் கூட்டமும், பக்தி மொழியில் சுமத்திய பழியும் அவள் கையில் இருந்தன. தன்னுடையதைக் குறித்து வாய் திறந்த எளியவன் மறுபக்கத்தில் நின்றான். உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்தச் சகோதரி எந்தப் பக்கத்தில் நின்றார் என்று நீங்களே பாருங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் தியத்தீரா ஊர்ச் சபையின் யேசபேலும் தன்னைத் தீர்க்கதரிசியென்று சொல்லிக்கொண்டு சபையை வஞ்சித்தவள்; கணக்குக் கேட்டவள் அல்ல. பாஸ்டரை யேசபேல் என்று சொல்ல நான் வரவில்லை, நீங்களும் அந்தப் பெயரைத் திருப்பி எறிய வேண்டாம். இந்தப் பட்டத்தைச் சபையில் யார் மேலும் யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதே என் வேண்டுதல்.

காணிக்கைக் கணக்கு ஆவிக்குரிய காரியம் அல்ல என்று சொல்வோருக்குப் பவுல் பதில் சொல்லியிருக்கிறார். எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரனையும் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க நாடுகிறோம் என்று காரணமும் எழுதினார். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது. மகளிர் குழுக் கடனில் காணிக்கை வாங்கிய தீர்க்கதரிசனத்தைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. குஷ்டரோகம் நீங்கிய நாகமானிடம் தீர்க்கதரிசி எலிசா மறுத்த வெகுமதியை, அவருடைய வேலைக்காரன் கேயாசி பின்னால் ஓடிப்போய் வாங்கியதும், அந்தக் குஷ்டரோகம் அவனைப் பிடித்ததும் உங்களுக்குத் தெரியும்.

பணம் கலவாத தீர்க்கதரிசனமும் சபையைக் கெடுக்கலாம் என்பதற்கு உங்கள் பகுதியோடு தொடர்புள்ள வரலாறு ஒன்று இருக்கிறது. 1860-ல், அன்றைய திருநெல்வேலிச் சீமையில், கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் என்ற சுதேச ஊழியர் நடத்திய பணியில் ஒரு பெரிய எழுப்புதல் உண்டானது. ஆங்கிலேய மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸிடம் கற்றவர் அவர். மிஷன் சம்பளத்தை நம்பாமல் விசுவாசத்தால் ஊழியம் செய்தவர். பாவ அறிக்கையும் அழுகையும் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் அங்கே காணப்பட்டன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் சொல்லும், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 1906-ல் உண்டான அசூசா தெரு எழுப்புதலுக்கு 46 ஆண்டுகள் முந்தியது இது. நம் பெந்தெகொஸ்தே பிள்ளைகளில் பலருக்கு இது சொல்லிக்கொடுக்கப்படுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். அந்த அனல் 1870-களில் திருவிதாங்கூருக்குப் பரவியபோது, பிராமணக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலிக்கன் குருவான யுஸ்தூஸ் யோசேப்பு அதன் முன்னணியில் நின்றார். பக்தியும் புலமையும் உள்ளவர். அவருடைய பாடல்களை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. 1875-ல் அவருடைய வட்டத்தில் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது: இன்னும் ஆறு வருஷத்தில், 1881-ல், ஆண்டவர் திரும்ப வருவார். அதை நம்பியவர்கள் தங்கள் பழைய சபையை விட்டுப் பிரிந்தார்கள். ஆறு வருஷக்காரர் என்றே அவர்களுக்குப் பெயர் ஏற்பட்டது. 1881 வந்து போனது. கூட்டம் சுருங்கிவிட்டது. அங்கே யாரும் பணம் சுருட்டவில்லை, யாரும் வேஷம் போடவில்லை. “மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்” என்று 1 கொரிந்தியர் 14:29 சொன்னதைச் செய்ய, அந்த வட்டத்துக்குள்ளே ஆள் இல்லாமல் போனதே கேட்டுக்குக் காரணம். உங்கள் சபையில் தீர்க்கதரிசனம் சொன்னபின் அதை நிதானிக்கிறவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் இல்லையென்றால், சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆபத்து இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சேர்க்கிறேன். அசூசா தெரு எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1906-க்குச் சற்றுமுன் ஹூஸ்டன் நகரத்து வேதபாடசாலையில், நிறப்பாகுபாட்டின் காரணமாக, வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்து கதவின் வழியாகப் பாடம் கேட்டவர். அவர் நடத்திய கூட்டத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் முழங்காற்படியிட்டார்கள். அந்த இயக்கத்தை வெளியார் துன்பப்படுத்தி உடைக்கவில்லை. சில வருஷங்களுக்குள் நிறத்தின்படி அது தானே பிரிந்தது. அந்தப் பாவத்தை அமெரிக்கப் பெந்தெகொஸ்தே ஸ்தாபனங்கள் வெளிப்படையாய் அறிக்கையிட்டு ஒப்புரவாக 1994 அக்டோபரில் மெம்பிஸ் நகரத்தில் கூடும்வரை ஆயிற்று. நம்மிடம் நிறத்தின் இடத்தில் சாதி நிற்கிறது. கலியாணம் பேசும்போது, பெண் இரட்சிக்கப்பட்டவள், ஞானஸ்நானம் எடுத்தவள், அபிஷேகம் பெற்றவள் என்று மூன்றையும் கேட்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, நாலாவதாகத் தணிந்த குரலில் கேட்கப்படும் கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். எத்தனையோ ஆவிகளைப் பெயர் சொல்லிக் கட்டுகிற கூட்டங்களில் இதைக் கட்டி ஜெபித்து நான் கேட்டதில்லை. உங்கள் சபை கமிட்டியிலும் மூப்பர்களிலும் எல்லாரும் ஒரே சாதியாராக இருந்தால், அந்த விதவைச் சகோதரி வேறு சாதியாராக இருந்தால், அவர் அவ்வளவு எளிதாக ஒதுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமா என்று நேர்மையாய் யோசியுங்கள்.

“நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்” என்ற வசனம் உங்களைப் பயமுறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். சங்கீதம் 105-இல் அது யாரைக் குறித்து யாரிடம் சொல்லப்பட்டது என்று முந்தின மூன்று வசனங்களை வாசித்தால் தெரியும். கொஞ்சத் தொகையாய், பரதேசிகளாய், தேசம் விட்டுத் தேசம் அலைந்த முற்பிதாக்களைக் காப்பதற்காக ராஜாக்களிடம் சொல்லப்பட்டது அது. நிலமில்லாதவனைக் காக்க வந்த வசனத்தை, கணக்குச் சொல்ல வேண்டியவரைக் காக்கப் பயன்படுத்துவது தகாது. அபிஷேகம்பண்ணப்பட்டவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்குச் சாமுவேல் இருக்கிறார்: யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருக்கு அநியாயஞ்செய்தேன், சொல்லுங்கள், திரும்பக் கொடுக்கிறேன் என்று முதிர்வயதில் சகல ஜனத்தின் முன்னும் கேட்டார். பேதுருவைப் பவுல் அந்தியோகியாவில் முகமுகமாய் எதிர்த்தார். பேதுருவின் அபிஷேகத்தை அவர் மறுக்கவில்லை. தன்னைக் கொல்லத் தேடிய, அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜாவான சவுலின்மேல் தாவீது கைபோடவில்லை, ஆனால் கெபிக்கு வெளியே நின்று சவுலின் அநியாயத்தை அவனுக்குக் கேட்கும்படி சொன்னான். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான்.

எப்படிச் செய்வது? முதலில் நீங்கள் தனியாகப் பாஸ்டரைப் போய்ப் பாருங்கள், கூட்டம் முடிந்த கையோடு வேண்டாம், ஒரு வாரநாளில் போங்கள். அவருடைய தகப்பனாரின் ஊழியத்துக்காக நீங்கள் நன்றியுள்ளவர் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதை மறைக்காமல் சொல்லுங்கள். வாலிப வயதில் பெரிய பொறுப்பு தலையில் விழுந்தவர் அவர், பயமே சில நேரங்களில் அதிகாரமாக வெளிப்படும். மூன்று காரியங்களை மட்டும் கேளுங்கள்: கட்டட நிதியின் வரவு செலவைச் சபைக்கு வாசிக்க வேண்டும், அந்தச் சகோதரியைக் குறித்துச் சொன்னதை, சொன்ன இடத்திலேயே திரும்பப் பெற வேண்டும், மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆலோசனை இனி இருக்கக் கூடாது. அவர் கேட்காவிட்டால் மத்தேயு 18-இன்படி இரண்டொருவரை அழைத்துப் போங்கள். மூப்பனுக்கு விரோதமான குற்றத்தை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது. ஆகவே நீங்கள் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தேதியோடு எழுதி வையுங்கள், பிறர் சொன்னதைச் சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். அங்கே போட்டால் விசாரணை நின்றுபோய்ச் சண்டைதான் மிஞ்சும்.

இதற்கிடையில், சபை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமென்றால், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை வைக்கும் கடமை நிர்வாகிகளுக்கு உண்டு. டிரஸ்ட் என்றால், டிரஸ்ட் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது, தணிக்கை நடக்கிறதா என்று கேட்கலாம். புதிய ஆலயத்துக்கு வாங்கிய மனை சபையின் பெயரில் இருக்கிறதா, தனி ஒருவரின் பெயரில் இருக்கிறதா என்பதை அறிய, சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால் போதும். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். தனி ஒருவரின் பெயரில் இருந்தால் உடனே திருட்டு என்று முடிவுகட்ட வேண்டாம், அவசரத்தில் அப்படிப் பதிந்த சபைகள் உண்டு. பெயர் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். இவ்வளவு பொறுமை பணக் காரியத்துக்குத்தான். சிறுபிள்ளைகளிடமோ பெண்களிடமோ ஒருவர் தகாதபடி நடந்தது தெரியவந்தால், சபைக்குள் விசாரித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்.

விலகுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கேள்வி கேட்டதற்காக மனம் புண்பட்டு உடனே வெளியேறினால், அந்தச் சகோதரியும் அவரைப்போன்றவர்களும் துணையில்லாமல் நிற்பார்கள்; ஆகவே இப்போதைக்கு இருங்கள் என்பேன். தனியாகவும் சாட்சிகளோடும் எழுத்திலும் கேட்டபின்னும் கணக்கு மறைக்கப்பட்டால், அல்லது உங்கள் பிள்ளைகள் கேட்கும்படி உங்களுக்கும் ஒரு ஆவியின் பெயர் சூட்டப்பட்டால், சமாதானத்தோடு வேறு சபைக்குப் போக உங்களுக்கு முழு விடுதலை உண்டு. போகிற விசுவாசிக்குச் சாபம் வரும் என்று யாராவது சொன்னால், அப்படிச் சபிக்க எந்த ஊழியருக்கும் வேதம் அதிகாரம் கொடுக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பாஸ்டரைப் பார்க்கப் போவதற்குமுன் உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போங்கள். அவர் அனுமதி இல்லாமல் அவர் பெயரை எங்கும் எடுக்காதீர்கள். தன் காரியத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கட்டட நிதிக்குக் கொடுத்ததை அவர் எங்காவது குறித்து வைத்திருந்தால், அதில் ஒரு நகல் எடுத்து அவரிடமே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தங்கை மகளின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்